பரப்புவது ஊசி அல்ல

உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி என்று சந்தேகம் வந்தால், கையால் தொட்டுப் பார்த்து ஒரு ஸ்கேனும் எடுத்த கையோடு டாக்டர் எழுதித் தருவது ஊசிச் சோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் செல்களை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சீட்டில் எஃப்.என்.ஏ.சி. என்று இருக்கும். அந்தச் சீட்டு பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. “ஊசி மட்டும் குத்தவிடாதே. சும்மா கிடக்கிற கட்டியைச் சீண்டினால் பரவிவிடும்” என்று மாமியார் சொல்கிறார், மைத்துனர் சொல்கிறார், ஆட்டோக்காரரும் சொல்கிறார். நான் குடியிருக்கும் கொல்கத்தாவின் பெஹாலாவில் டைமண்ட் ஹார்பர் ரோட்டு மருந்துக்கடைகளில் இதையே வங்காளத்தில் கேட்கிறேன். ஊருக்குப் போனால் தமிழில் கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது.

இது தவறான நம்பிக்கை. தவறு என்பதோடு நின்றிருந்தால் எழுதவேண்டிய அவசியமே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை விஷயத்தைத் தலைகீழாக்குகிறது. அஞ்சவேண்டாத ஊசிக்கு அஞ்சவைத்து, அஞ்சவேண்டிய அவசரக் கத்திக்குக் கழுத்தை நீட்டவைக்கிறது.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நம்புகிறவர்கள் மூன்று நியாயம் சொல்கிறார்கள். ஒன்று, கண்ணால் கண்ட சாவு: “நல்லாத்தான் இருந்தார், டெஸ்ட் எடுத்தாங்க, ஆறே மாசத்துல முடிஞ்சுபோச்சு.” இரண்டு, பொதுப்புத்தி: மூடியிருக்கும் ஒன்றைக் குத்தினால் உள்ளே இருப்பது வெளியே கசியத்தானே செய்யும்? மூன்று, சில கட்டிகளில் ஊசி போடக்கூடாது என்று டாக்டர்களே சொல்கிறார்களே! மூன்றுக்கும் பதில் உண்டு.

முதலாவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஊசிச் சோதனைக்கு யாரை அனுப்புகிறார்கள்? கட்டி வளர்கிறது, கெட்டியாக இருக்கிறது, ஏதோ சரியில்லை என்று டாக்டருக்குத் தோன்றியவரை. அவர்களில் சிலருக்கு முற்றிய புற்றுநோய் ஏற்கனவே இருக்கும். சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் போக்கு அதுதான். சோதனை முன்னால் வந்தது, சாவு பின்னால் வந்தது, ஆகவே பழி ஊசியின் மேல் விழுகிறது. ஊசிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்து இறந்தவர்களும் எத்தனையோ பேர். அவர்கள் யாருடைய கதையிலும் சாட்சியாக வருவதில்லை. அவர்களுடைய சாவுக்கு ‘விதி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஒரு தரப்பை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது எந்தப் பஞ்சாயத்திலும் செல்லாது.

இரண்டாவது நியாயத்துக்கு ஊசியின் கனத்தைப் பார்க்கவேண்டும். இந்த முறையை 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் எழுதி வெளியிட்டபோது அவர்கள் கையில் இருந்தது 18 கேஜ் ஊசி. ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலான கனம். பிறகு சுவீடன் மருத்துவர்கள் அதை மெல்லிய ஊசிக்கு மாற்றினார்கள். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் சிக்ஸ்டன் ஃப்ரான்ஸன், ஜோசஃப் ஸாயிசெக் போன்றவர்கள் இதை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தார்கள். இன்று நம் ஊரில் போடுவது 22 முதல் 25 கேஜ். 23 கேஜ் ஊசியின் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். கோவிட் தடுப்பூசிக்குக் கையை நீட்டினோமே, அதுவும் இந்த ரகம்தான்.

‘பரவுமா’ என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்காமலும் இல்லை. அந்த சுவீடன்காரர்களே கேட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் மிகச் சாதாரணமானது பிளியோமார்ஃபிக் அடினோமா. சிந்தினால் மீண்டும் முளைக்கும் என்று பெயர்பெற்ற கட்டி அது. அதற்கு ஊசிச் சோதனை செய்துகொண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, ஊசி போன வழியில் கட்டி முளைக்கவில்லை என்று 1971இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் கணக்கில்லாத ஊசிகள் போடப்பட்டுவிட்டன. மெல்லிய ஊசியின் தடத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி முளைத்ததாகப் பதிவானவை அங்கொன்றும் இங்கொன்றுமான தனிச்சம்பவங்கள். இவ்வளவு அரிது என்பதால்தான் அவை மருத்துவ இதழ்களில் இடம்பிடிக்கின்றன.

இதற்குக் காரணம் புற்றின் இயல்பிலேயே இருக்கிறது. முற்றிய கட்டி ஊசிக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. தன் செல்களைத் தானே ரத்தத்தில் உதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி உதிர்பவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. இடம்பெயர்ந்த செல் வேறிடத்தில் ஒட்டி, ரத்த ஓட்டம் தேடி, உடம்பின் காவலைத் தாண்டி வளர்வதற்கு அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமையை ஊசி கற்றுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது நியாயம் உண்மைதான். குழந்தையின் கண்ணுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஊசி விடமாட்டார்கள். விரைக் கட்டியிலும் விடமாட்டார்கள். கல்லீரல் புற்றில் சற்றுக் கனமான ஊசி போடும்போது தடத்தில் முளைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்று கணக்கிட்டு, ஸ்கேனே போதுமானதாக இருந்தால் ஊசியைத் தவிர்ப்பார்கள். இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: எந்த உறுப்பில் குத்தலாம், எதில் கூடாது என்று உறுப்பு உறுப்பாகக் கணக்குப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள். அதே கணக்கைப் பார்த்துத்தான் உமிழ்நீர்ச் சுரப்பியில் குத்தலாம் என்று சொல்கிறார்கள். ‘கூடாது’ என்று சொல்லும்போது நம்பத்தகுந்தவராக இருப்பவர், ‘செய்யலாம்’ என்று சொல்லும்போது மட்டும் ஏன் சந்தேகத்துக்குரியவர் ஆகிறார்?

ஊசியைத் தடுத்தவர்கள் அதற்குப் பதிலாக எதைச் செய்கிறார்கள் என்பதுதான் இன்னும் பெரிய கேள்வி. நான் பார்த்தவரை இரண்டு வழி. சும்மா இருந்துவிடுவது ஒன்று. “சின்ன ஆபரேஷன்தான், அரைமணி நேரம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லும் இடத்துக்குப் போய்க் கட்டியை எடுத்துவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் எனக்குத் தாங்கமுடியாதது.

பிளியோமார்ஃபிக் அடினோமாவுக்கு மேலே ஓர் உறை இருக்கும். தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று, தனியாக நகரும். கீறிவிட்டு அழுத்தினால் புளியங்கொட்டை பிதுங்குவதுபோல முழுசாக வெளியே வந்துவிடும் என்று தோன்றும். அந்தத் தோற்றம் பொய். டேவிட் பேட்டியும் தாக்கரேயும் 1958இல் சுரப்பியோடு சேர்த்து எடுக்கப்பட்ட கட்டிகளைச் சீவிச்சீவிப் பார்த்து எழுதினார்கள்: உறை பல இடங்களில் மெலிந்தும் சில இடங்களில் இல்லாமலும் இருக்கிறது, கட்டியின் சிறு முளைகள் உறையைத் தாண்டி நீள்கின்றன. கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தால் அந்த முளைகள் உள்ளேயே நின்றுவிடும். உறை கிழிந்தால் உள்ளிருக்கும் வழவழப்பான சாரம் குழிக்குள் சிந்தும். இப்படிப் பிதுக்கி எடுத்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 45 பேருக்குக் கட்டி திரும்ப வந்ததாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. சுற்றியுள்ள சுரப்பிப் பகுதியோடு, முக நரம்பைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்து முறையாக எடுத்தால் அது நூற்றுக்கு நாலுக்கும் கீழே. ஆக, ‘பரவிவிடும்’ என்ற பயத்துக்கு ஒரு விலாசம் உண்டு. அது அரை மில்லிமீட்டர் ஊசியின் விலாசமாக இருக்கவில்லை. என்ன கட்டி என்று தெரியாமல் வைத்த கத்தியின் விலாசமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மாசிமா (வங்காளத்தில் சித்தி) இருக்கிறார். காதுமடலுக்குக் கீழே கட்டி வந்தபோது வீட்டில் எல்லோரும் ஊசி வேண்டாம் என்றார்கள். ஒரு சின்ன நர்சிங்ஹோமில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியை எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவும் இல்லை, “கொழுப்புக் கட்டிதான் மாசிமா” என்று வாயாலேயே ரிப்போர்ட். சில வருஷம் கழித்துத் தழும்பின் ஓரத்தில் ஒன்று, அதன்கீழ் இரண்டு, கழுத்துப் பக்கம் இன்னும் சில என்று சிறுசிறு முண்டுகள். இரண்டாம் ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரியில், பல மணி நேரம். பழைய தழும்புக்குள் முக நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடுவதே பெரும்பாடு என்று அங்கே சொன்னார்களாம். இப்போது அவர் தேநீர் குடிக்கும்போது ஒரு பக்க உதட்டோரம் ஒழுகுகிறது, கைக்குட்டையை மடியிலேயே வைத்திருக்கிறார். “ஊசி குத்தாமலே பரவிடுச்சே பாபா” என்று அவர் என்னிடம் சொன்னது புகாரா, கேள்வியா என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் இந்த வாதத்தின் மையம்.

ஊசிச் சோதனையை ஏதோ சித்திரவதையாக நினைப்பவர்களுக்காக அதை ஒருமுறை கிட்ட நின்று பார்ப்போம். பெத்தாலஜி டாக்டர் முதலில் கையால் பார்க்கிறார். கட்டி நகருகிறதா, தோலோடு ஒட்டியிருக்கிறதா, காதுமடலைத் தூக்கியிருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுகிறார். கண்ணை இறுக மூடச் சொல்கிறார், பல்லைக் காட்டச் சொல்கிறார், கன்னத்தை ஊதச் சொல்கிறார். முகத்தின் ஒரு பக்கம் பின்தங்கினால் அதுவே பாதி ரிப்போர்ட். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு விரலுக்கிடையே கட்டியைப் பிடித்து ஊசியை விடுகிறார். முன்னும் பின்னும் சில அசைவு, சில விநாடி, முடிந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே உட்காருகிறோம். அதிகபட்சம் கொஞ்சம் ரத்தம் கட்டும்.

கண்ணாடிச் சில்லில் நடப்பதுதான் அழகு. சில சில்லுகளைக் காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள், சிலவற்றை ஆல்கஹாலில் போடுகிறார்கள். ஜீம்சாவில் பிளியோமார்ஃபிக் அடினோமா வந்தால் அடையாளம் பளிச்சென்று இருக்கும்: மெஜந்தா நிறத்தில் நார்நாராகக் கலைந்த ஒரு சாரம், அதற்குள் புதைந்தும் அதன் ஓரத்தில் சிதறியும் செல்கள். அதே மெஜந்தா, நாரில்லாமல் விளிம்பு தெளிந்த உருண்டைகளாக வந்து, சுற்றிலும் கரிய சிறு செல்கள் நெருங்கி நின்றால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவாக இருக்கலாம். மெதுவாக வளர்ந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து, பல வருஷம் கழித்து நுரையீரலில் தலைகாட்டும் புற்று அது. வெளியிலிருந்து தடவினால் இரண்டும் வலியில்லாத ஒரு கட்டிதான். தெருவிலுள்ள எந்த அனுபவசாலியின் விரலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

படித்தவர்கள் வேறு விதமாக வாதாடுவார்கள். “ஊசி எதற்கு? காசு போனால் போகட்டும், பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம். ரத்தத்திலேயே கேன்சர் டெஸ்ட் இருக்கிறதாமே?” ரத்தத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் நம்பகமான சோதனை எதுவும் இல்லை. பெட் ஸ்கேன் சர்க்கரையை வேகமாகத் தின்னும் திசுவைப் பிரகாசமாகக் காட்டும் கருவி. ஆனால் இந்தச் சுரப்பியில் வார்தின் கட்டி என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் புகைபிடிக்கும் வயதானவர்களுக்கு வருவது, தீங்கற்றது. அதுவும் பெட் ஸ்கேனில் ஜொலிக்கும். பிளியோமார்ஃபிக் அடினோமாவும் சில சமயம் ஜொலிக்கும். சில நிஜப் புற்றுகள் மங்கலாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய படம், கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாமல் பயத்தை மட்டும் கூட்டிவிடும். அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் தேவைதான். கட்டி எவ்வளவு ஆழம், நரம்பை நோக்கிப் போகிறதா, கழுத்து நெறிகள் எப்படி என்று அவை சொல்லும். இடத்தைப் படம் சொல்லும், கட்டியின் பெயரை செல்தான் சொல்லும்.

இன்னொரு தரப்பு மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. “எப்படியும் எடுக்கத்தானே போகிறோம், அப்புறம் எதற்கு ஊசி?” என்று கேட்கும் சில அறுவை மருத்துவர்களைச் சொல்கிறேன். எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்பதே முதலில் சரியில்லை. நம் நாட்டில் காதடியில் வீக்கம் என்றால் அது காசநோய் நெறியாக இருக்கலாம், மாத்திரையில் கரையும். லிம்ஃபோமாவாக இருந்தால் கீமோதெரபிக்கு அடங்கும், அறுவை அதற்கு வைத்தியம் அல்ல. இரண்டு பக்கமும் வீங்குவதை 1888இல் யோஹான் மிக்குலிச் விவரித்தார். அந்த வகை வீக்கங்களில் பலவற்றை இன்று ஐஜிஜி4 நோய் என்று அடையாளம் கண்டு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். உடல்நிலை தாங்காத முதியவரின் வார்தின் கட்டியை எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

அறுவைதான் வழி என்றாலும் என்ன அறுவை என்பதற்கு ரிப்போர்ட் வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு காதடிச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. கண் இமை, உதடு, சிரிப்பு எல்லாம் அதன் கையில். தீங்கற்ற கட்டி என்றால் நரம்பை இழை இழையாகக் காப்பாற்றவேண்டும். புற்று நரம்பைக் கவ்வியிருந்தால் ஒரு கிளையைத் தியாகம் செய்யவேண்டியும் வரலாம். கழுத்து நெறிகளை எடுப்பதா, பிற்பாடு கதிர்வீச்சு உண்டா என்ற திட்டங்களும் இதைப் பொறுத்தவை. இதையெல்லாம் மயக்கம் தெளிந்த பிறகு நோயாளியிடம் சொல்வது நியாயமா? கண்ணாடியில் கோணிய முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லியிருக்கவேண்டும். ஊசி ரிப்போர்ட் இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது.

“ஊசி ரிப்போர்ட் தப்பாகவும் வருமே” என்பது கடைசி எதிர்வாதம், நேர்மையான எதிர்வாதமும்கூட. ஆம், வரும். காதடிச் சுரப்பியில் ஊசிச் சோதனை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2011இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, புற்று இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேரை அது சரியாகப் பிடிக்கிறது. புற்று இல்லாதவர்களில் நூற்றுக்கு 97 பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது. அதாவது ஊசி ‘புற்று’ என்று சொன்னால் அநேகமாக உண்மை. ‘புற்று இல்லை’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மந்தமாக வளரும் மியூகோஎபிடெர்மாய்டு புற்றில் ஊசிக்கு வெறும் சளிநீர் மட்டும் வந்து, நீர்க்கட்டி என்று ஏமாற்றிவிடும்.

இதற்குப் பரிகாரம் ஊசியைத் தூக்கி எறிவது அல்ல, ரிப்போர்ட்டை ஒழுங்காக எழுதுவது. 2018இல் வெளிவந்த மிலன் முறை அதைத்தான் செய்தது. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தத்தம் பாஷையில் எழுதினார்கள். மிலன் முறையில் ரிப்போர்ட் ஏழு பெட்டிகளில் ஒன்றில் விழும்: போதிய செல் இல்லை, கட்டியே இல்லை, இனம்தெரியாத மாற்றம், தீங்கற்ற கட்டி, எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாத கட்டி, புற்று என்ற சந்தேகம், புற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் புற்றாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கும் பக்கத்திலேயே உண்டு. 2018 பதிப்பின்படி, ‘தீங்கற்ற கட்டி’ என்றால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே, ‘புற்று’ என்றால் சுமார் 90. முதல் பெட்டியில் விழுந்தால் அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே மறுபடி ஊசி, அல்லது சற்றுக் கனமான கோர் ஊசி. அந்தக் கோர் ஊசி புற்றை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிக்கும். ரிப்போர்ட் ‘நல்லது’ என்று சொல்லியும் முகம் கோணுகிறது, கட்டி வேகமாக வளர்கிறது என்றால், நம்பவேண்டியது முகத்தை. தன் சந்தேகத்தைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் சோதனையை, “அது என்னங்க, கொழுப்புக் கட்டிதான்” என்று சந்தேகமே இல்லாமல் சொல்லும் வாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது ஆபத்தானது?

சும்மா இருந்துவிடுவது என்ற முதல் வழிக்கும் வருகிறேன். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் வீங்கினாலும் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. அந்த வைரஸ் நோய் காய்ச்சலோடும் வலியோடும் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வலியில்லாத கட்டி அது ஆகாது. “வலிக்கவில்லையே” என்பது ஆறுதலும் ஆகாது, பெரும்பாலான உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. “நான் கைனியும் போடவில்லை, குட்காவும் போடவில்லை” என்பதும் அப்படித்தான். வாய்ப்புற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், இங்கே பொருந்தாது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்குத் திடமாக நிறுவப்பட்ட காரணங்களில் ஒன்று கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் தன் புற்றுக்கு மெல்லும் புகையிலைதான் காரணம் என்று நம்பினார், ஆனால் மருத்துவ உலகில் அது முடிந்த முடிவல்ல. அவர் கதையில் நமக்கு வேறொரு பாடம் உண்டு. 1997இலும் 2007இலும் அவருடைய காதடிச் சுரப்பியிலிருந்து எடுத்தவை தீங்கற்றவை. 2010இல் வந்தது புற்று. 2014இல் 54 வயதில் இறந்தார். ‘நல்ல கட்டி’ என்ற ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் கவனிப்பை நிறுத்தக்கூடாது.

காத்திருப்பதற்கு விலையும் உண்டு. பிளியோமார்ஃபிக் அடினோமா தீங்கற்றதுதான், ஆனால் என்றைக்கும் அப்படியே இருப்பேன் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. முதல் ஐந்து ஆண்டில் புற்றாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றரை, பதினைந்து ஆண்டு தாண்டினால் ஒன்பதரை என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கட்டி எந்தச் சுரப்பியில் என்பதும் முக்கியம். காதடிச் சுரப்பியில் வருபவற்றில் ஐந்தில் நாலு தீங்கற்றவை. தாடையடிச் சுரப்பியில் கிட்டத்தட்டப் பாதிதான் தீங்கற்றவை. அண்ணத்திலும் உதட்டின் உட்புறத்திலும் இருக்கும் பொடிச் சுரப்பிகளில் கட்டி வந்தால் பாதிக்கு மேல் புற்றாக இருக்கக்கூடும். சுரப்பி சிறிதாகச் சிறிதாகச் சந்தேகம் பெரிதாகவேண்டும். நாமோ நேர்மாறாக, சின்னக் கட்டிதானே என்று இருந்துவிடுகிறோம்.

பெஹாலாக்காரருக்குத் தூரம் ஒரு சாக்காகவும் இருக்கமுடியாது. டாக்டர் சரோஜ் குப்தா 1973இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை பக்கத்துத் தாக்கூர்புக்கூரிலேயே இருக்கிறது. ஜோகா மெட்ரோ ஓடத் தொடங்கியபின் சௌரஸ்தாவில் ஏறினால் சகேர்பஜார் தாண்டி அடுத்த நிறுத்தம். பெஹாலாவிலேயே வித்யாசாகர் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றால் எல்லோரும் பி.ஜி. என்று சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். இருக்கிறது. இருந்தும், ஹவுராவில் ரயிலேறி ஓரிரவுக்கும் மேல் பயணம் செய்து, காட்பாடியில் இறங்கி, வேலூர் லாட்ஜில் அறை எடுத்து, வங்காளப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வரிசையில் நின்று, கடைசியில் அங்கே செய்துகொள்வது என்ன? அதே ஊசிச் சோதனை. வேலூரின் கைராசியைக் குறை சொல்லவில்லை. சிக்கலான அறுவைக்கு எவ்வளவு தூரமும் போகலாம். போகுமுன் ஊரிலேயே ஊசி போட்டு, ரிப்போர்ட்டோடு அந்தக் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இன்னொரு டாக்டர் படிக்கவேண்டியது அந்தச் சில்லுகளை. டிக்கெட்டுக்கும் விடுமுறைக்கும் காத்திருந்து தொலைத்த மாதங்களை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தராது.

ஒரு சலுகை தருகிறேன். ஊசியையும் கத்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் ‘பயாப்ஸி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். காதடிச் சுரப்பிக் கட்டியில் தோலைக் கீறி ஒரு துண்டை வெட்டி எடுப்பது உண்மையிலேயே கூடாது. சாரம் சிந்தும், நரம்பு அறுபடும். அதற்கு மறுப்புச் சொல்பவர் சரியாகவே சொல்கிறார். மெல்லிய ஊசி வேறு, கீறி வெட்டுவது வேறு என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. புறநோயாளிப் பிரிவில் சீட்டை நீட்டும்போது ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசினால் பாதிச் சீட்டுகள் வீட்டு வாசலைத் தாண்டும்.

ஆகவே காதைச் சுற்றியோ, தாடைக்கு அடியிலோ, அண்ணத்திலோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டிக்கு, என்ன கட்டி என்ற ரிப்போர்ட் கையில் இல்லாமல் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். எடுத்துவிட்டால், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பாமல் வீடு திரும்பாதீர்கள். “ஊசி குத்தினால் பரவும்” என்று யாராவது தடுத்தால், “சரி, குத்தாமல் விட்டால் இது என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.